ஓசி நாக்கு

மார்ச் 4

மறுகுரல் மென்பொருளைப் பராமரிக்கிற தம்பிக்கு,

உங்க பேரு தெரியல. உங்க இணையப் பக்கத்துல கடைசியா, பொடி எழுத்துல, ‘பராமரிப்பு’ன்னு போட்டு இந்த முகவரி இருந்தது. அதுக்குத்தான் எழுதறேன். பராமரிப்புன்னு எழுதிக்கறதுக்கே ஒரு கூச்சம் வேணும் தம்பி.

நான் டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக் கொடுக்கிறவன். தலை நரைச்சதே அந்த சீட்டுலதான். போன வருஷம் தொண்டையில புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துட்டாங்க. இப்ப கழுத்துல ஒரு ஓட்டை. மூச்சு அது வழியாப் போகுது, வருது. பேச்சு போனது போனதுதான். என் மருமகன்தான் உங்க மறுகுரலை ஒரு தொடுதிரை டேப்ல போட்டுக் கொடுத்தார். எழுதினா பேசும். அடிக்கடி சொல்ற வாக்கியத்தைப் பட்டனா வெச்சுக்கிட்டா, தொட்டதும் பேசும். இலவசம்னு சொன்னார். இலவசம்னதும் எனக்கு சந்தேகம். ஆனா வேலை செஞ்சுது. ‘கிளட்ச்’, ‘மெதுவா’, ‘கண்ணாடியைப் பாருங்க’, ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன்’ எல்லாத்தையும் பட்டனாப் போட்டு, டேபை முன்னாடி மாட்டிக்கிட்டு, மறுபடி வண்டியில ஏறினேன். ஸ்கூல் என் மச்சானோடது, பொண்டாட்டியோட தம்பி. அவனுக்கு அரை மனசுதான். இருந்தாலும் ஏத்தினான்.

போன திங்கக்கிழமை உங்க புதுப் பதிப்பு தானா வந்து உட்கார்ந்துகிச்சு. யார் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டாங்க அதை?

மருந்துக் கடை வெச்சிருக்கிற ஒரு அம்மா ஓட்டிக்கிட்டிருந்தாங்க. ஒருவழித் தெரு. நேரா, அழகாப் போனாங்க. நானும் ‘நல்லா ஓட்டறீங்க, பதட்டமே இல்லாம இப்படியே போங்க’ங்கற பட்டனைத் தொட்டேன். அந்த நேரம் பார்த்து குறுக்கே ஒரு சைக்கிள். உடனே ‘வலது’ தொட்டேன், ‘நில்லுங்க’ தொட்டேன். பழைய மறுகுரலா இருந்தா புதுசாத் தொட்டதும் பழசை விட்டுட்டுப் புதுசைப் பேசும். உங்க புதுசு என்ன பண்ணிச்சு தெரியுமா? எல்லாத்தையும் வரிசையில நிக்க வெச்சு, ஆற அமர, ஒவ்வொண்ணாப் பேசுது. சைக்கிள் மூக்குக்கு நேரா நிக்குது, டேப் ‘பதட்டமே இல்லாம இப்படியே போங்க’ங்குது. சைக்கிள்காரன் தானா துள்ளிக் குதிச்சு ஒதுங்கின அப்புறம் ‘வலது’ங்குது. அந்த அம்மா சொன்ன பேச்சைக் கேக்கிறவங்க. வலது பக்கம் திருப்பிட்டாங்க. வலது பக்கம் நடைபாதை. நான் என் பக்கத்து பிரேக்கை மிதிக்கிறதுக்குள்ள வண்டி ஏறி, ஒரு தையல் கடை ஷட்டர்ல முட்டி நின்னுது. யாருக்கும் அடி இல்ல. எல்லாம் அடங்கின அப்புறம், அந்த அமைதியில, டேப் சொல்லிச்சு: ‘நில்லுங்க.’

தெருவே சிரிச்சுது தம்பி.

உங்க இணைய மன்றத்துல புகார் எழுதினேன். ‘தவளை’ன்னு ஒரு ஆளு, ஒரே வரி: ‘கையேட்டைப் படியுங்கள்.’ படிச்சேன். கையேடு அரதப் பழசு, பட்டன் பத்தியே அதுல இல்ல. அதையும் எழுதினேன். ‘ஏற்கனவே கேட்கப்பட்டது’ன்னு சொல்லி என் புகாரையே பூட்டிட்டான். நாய்க்கு பிஸ்கட் போடற மாதிரிக் கூட இல்ல, கல்லெறியற மாதிரி. அது போகட்டும், மூடற பட்டன்ல ‘வெளியேரவும்’னு போட்டிருக்கீங்களே, அதுக்கு எந்த ‘ற’ன்னு கூடவா தெரியாது? அதைப் பார்க்கிறப்பல்லாம் சோத்துல முடி கிடந்த மாதிரி இருக்கு.

மச்சான் என்னை வண்டியில இருந்து இறக்கி ஆபீஸ் மேஜையில உட்கார வெச்சுட்டான். “ஓசி நாக்கை நம்பினா இப்படித்தான் மாமா”ன்னான். பதில் சொல்லலாம்னு பட்டனைத் தொட்டா, அதுக்கு முன்னாடி தொட்டதையெல்லாம் பேசி முடிச்சுட்டுத்தான் அது வாயைத் திறக்குது. அதுக்குள்ள அவன் போயிட்டான்.

நீங்கல்லாம் சேர்ந்து அங்க என்னதான் பண்றீங்க?

இப்படிக்கு,
பிரேக் வாத்தியார்
(ஊர்ல என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க)


மார்ச் 7

வாத்தியார் ஐயா,

நான் தம்பி இல்ல. நாற்பத்தாறு வயசுப் பொம்பளை. குடிநீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்துல வேலை. பகல் முழுக்க பாட்டில் பாட்டிலா அடுத்தவங்க தண்ணியில என்ன அழுக்கு இருக்குன்னு பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தா உங்களை மாதிரி நாலு பேர்.

‘நீங்கல்லாம் சேர்ந்து’ன்னு எழுதியிருக்கீங்க. எல்லாம்னா யாரு? ஆரம்பத்துல அஞ்சு பேர் இருந்தோம். ஒருத்தருக்குக் குழந்தை பிறந்தது, ஒருத்தருக்கு நல்ல வேலை கிடைச்சது, ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனார். இப்ப நானும் தவளையும்தான். யாரும் எங்களுக்குச் சம்பளம் தரல. நன்றின்னு ஒரு கடிதம் வந்தா எந்தப் பக்கம் வெச்சுப் படிக்கறதுன்னே எங்களுக்குத் தெரியாது, பழக்கமில்ல.

முதல் தடவை திறக்கும்போது ஒரு பக்கம் வரும், எந்த உத்தரவாதமும் இல்லாமத் தர்றோம்னு. அதுக்குக் கீழ ‘சம்மதம்’ தொட்டிருப்பீங்க. எல்லாரும் தொடுவாங்க. ஒருத்தரும் படிக்க மாட்டாங்க.

இது எப்படி வந்ததுன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்னு போச்சு. எனக்கும் அவருக்கும் ஆகாது. பேச்சு நின்ன மூணாவது மாசம், அவர் கண்ணைப் பார்க்கச் சகிக்காம, நான் உட்கார்ந்து எழுதினது இது. முதல் நாள் டேபை மடியில வெச்சுக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடித் தொட்டார். வீட்டுல எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். அவர் சொன்ன முதல் வாக்கியம்: ‘இதுக்குப் பேர் காபியா?’ அதுக்கப்புறம் போய்ச் சேர்ற வரைக்கும் நான் எழுதின மென்பொருள்லயே என்னைத் திட்டினார்.

அதனால நான் எழுதும்போது என் கண்ணு முன்னாடி இருந்தது கட்டில். கார் இல்ல. ஓடற வண்டியை இதை நம்பித் திருப்பச் சொன்னது நீங்க.

புகார் எழுதணும்னா ஒழுங்கா எழுதுங்க. எதைத் தொட்டீங்க, என்ன நடந்தது, என்ன நடந்திருக்கணும். வசவு அதுல சேர்த்தி இல்ல.

மருந்துக் கடை அம்மா நல்லா இருக்காங்களா?

பராமரிக்கிறவள்


மார்ச் 9

அம்மாவுக்கு,

தம்பின்னு எழுதினது தப்பு. எங்க ஸ்கூல்ல முக்கால்வாசி பொம்பளைங்கதான் கத்துக்கறாங்க, எனக்கே தெரிஞ்சிருக்கணும். மன்னிப்பு அதுக்கு மட்டும். மத்த எதையும் வாபஸ் வாங்கல.

புகார், நீங்க கேட்ட மாதிரி: ஒரு பட்டனைத் தொட்டேன். அது பேசிக்கிட்டிருக்கும்போதே இன்னொண்ணைத் தொட்டேன். முதலாவது முழுசா முடியற வரைக்கும் ரெண்டாவது வாயைத் திறக்கல. திறந்திருக்கணும். மனுஷன் அப்படித்தான் பேசுவான். “சாப்பிட்டியா”ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்போது குழந்தை கிணத்துப் பக்கம் போனா, கேள்வியை முடிச்சுட்டா கத்துவான்? பாதியில விட்டுட்டுக் கத்துவான். பாதியில விடத் தெரியாத வாய் வாயே இல்ல.

போதுமா? இதுல வசவு இல்ல. கஷ்டப்பட்டுத்தான் இல்லாம எழுதினேன்.

மருந்துக் கடை அம்மா வரதில்ல. வீட்டுக்காரர் வந்து பேப்பரெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டார். “அவ ஸ்டியரிங் பக்கமே போக மாட்டேங்கறா”ன்னார். நான் மேஜையில உட்கார்ந்து வர்றவங்களுக்குக் கண் பரிசோதனைத் தாள் எடுத்துக் கொடுக்கிறேன். ஜன்னல் வழியா என் வண்டி போறது தெரியுது. என் சீட்டுல மச்சான் வேற ஒருத்தனை வெச்சிருக்கான். அவன் கத்தற கத்தல் ஆபீஸ் வரைக்கும் கேக்குது. ரெண்டாவது கியர்ல போகச் சொல்லக் கூட கத்தறான். குரல் இருக்கிறவனுக்கு அதோட அருமை தெரியறதில்ல.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நல்லா இருந்ததை எதுக்கு மாத்தினீங்க? யார் கேட்டா?

பிரேக் வாத்தியார்


மார்ச் 15

ஐயா,

கேட்டது தவளை.

நீங்க கல்லெறியறவன்னு எழுதின அதே தவளை. நான் அவரை நேர்ல பார்த்ததில்ல. அவருக்குக் கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது. படுத்த படுக்கை. தாடைக்குக் கீழ ஒரு ஸ்விட்ச் வெச்சிருக்காங்க, அதை முட்டி முட்டித்தான் எழுதறார். மறுகுரலைத்தான் அவரும் பயன்படுத்தறார். ‘கையேட்டைப் படியுங்கள்’ங்கறது அவர் பட்டன்ல ஒண்ணு. ‘ஏற்கனவே கேட்கப்பட்டது’ இன்னொண்ணு. அதுக்கு மேல எழுதணும்னா அவருக்கு ஒரு பகல் போகும். அப்படியும் வர்ற புகாரையெல்லாம் அவர்தான் படிச்சுப் பிரிச்சு வெக்கிறார். நீங்க தூங்கி எழுந்து பல் விளக்கற நேரத்துல அவர் ஒரு சொல் எழுதியிருப்பார்.

அவர் தாடை சில நேரம் துள்ளும். துள்ளினா வேற பட்டன் அழுந்தும். பழைய பதிப்புல அப்படி அழுந்தினா அவர் சொல்லிக்கிட்டிருந்தது பாதியில அறுந்து போகும். ‘எனக்கு மூச்சு முட்டுது, தலையணையை’ன்னு ஆரம்பிச்சு ‘வணக்கம்’னு முடியும். அதனாலதான் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு பேசற மாதிரி மாத்தினேன். உங்களுக்கு எது வினையோ அது அவருக்கு உயிர்.

ஆனா நீங்க சொல்றதும் சரி. எது வேணும்னு அவங்கவங்களே வெச்சுக்கற மாதிரி ஒரு தேர்வு கொடுத்திருக்கணும். சோம்பல்ல விட்டுட்டேன். இப்ப எழுதியிருக்கேன். சோதனைப் பதிப்பை இதோட அனுப்பறேன். ‘அமைப்புகள்’ல போய் ‘பாதியில் நிறுத்து’ங்கறதைத் தொடுங்க. வண்டியில வெச்சுப் பார்க்காதீங்க. வீட்டுல பாருங்க.

வேலை செய்யுதா இல்லையான்னு மட்டும் எழுதுங்க.

பராமரிக்கிறவள்


மார்ச் 20

அம்மா,

பாதியில நிறுத்துது. ஒத்துக்கறேன். அருமையா நிறுத்துது. ஏன்னா அதுக்கு மேல பேச அதுக்கிட்ட ஒண்ணுமே இல்ல!

உங்க சோதனைப் பதிப்பு உள்ள நுழைஞ்சதும் நான் சேர்த்து வெச்சிருந்த வாக்கியம் மொத்தமும் காணாமப் போச்சு. ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன்’ போச்சு. டாக்டர்கிட்ட சொல்றது போச்சு. பேத்திக்கு வெச்சிருந்த சிங்கக் கர்ஜனை போச்சு. வெறும் கட்டம் கட்டமா, பல்லு விழுந்த வாய் மாதிரி இளிக்குது. அன்னைக்குன்னு பார்த்து குளியலறைக் குழாயை நானே சரி பண்றேன்னு திருகி உடைச்சுட்டேன். பொண்டாட்டி பிடிச்சுக்கிட்டா. வழக்கமா நாலு பட்டன்ல நான் ஜெயிச்சுடுவேன். இப்ப ஒவ்வொரு எழுத்தாத் தொட்டு ‘நான் என்ன சொல்ல வரேன்னா’ன்னு முடிக்கிறதுக்குள்ள அவ திட்டி முடிச்சு, வாளியை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டா. கல்யாணமான நாள்ல இருந்து அவ முழுசா ஜெயிச்ச சண்டை அதுதான். அவளுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு போல. திரும்பி வந்து, “சரி, இப்ப சொல்லுங்க, நிக்கிறேன்”னா. அந்த இரக்கம்தான் தாங்கல.

தவளை விஷயம் படிச்சேன். கல்லெறியற மாதிரின்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன்.

இன்னொண்ணு இருக்கு. அதைச் சொன்னா நீங்க என்னை விட மோசமாத் திட்டுவீங்க. நேத்து மச்சான் ஆபீஸுக்கு ஒரு விற்பனைக்காரன் வந்தான். காசு கொடுத்து வாங்கற பேசும் பெட்டியாம். மாசாமாசம் சந்தா கட்டணுமாம். “இதுதான் மாமா தரமான சாமான், ஓசி கிடையாது”ன்னு மச்சான் என் கையில கொடுத்தான். கறுப்பும் தங்கமுமா ஜொலிக்குது. ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தேன். எங்கேயோ பார்த்த மூஞ்சி மாதிரியே இருந்தது. எல்லாப் பட்டனும் இருக்கிற இடத்துலயே இருக்கு. கடைசியில மூடலாம்னு பார்த்தா, தங்க எழுத்துல மின்னுது: ‘வெளியேரவும்.’

எனக்கு வாய் இருந்திருந்தா நேத்து அந்த ஆபீஸ் ரெண்டாயிருக்கும்.

அவங்க உங்களோடதை எடுத்துக்கிட்டது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

பிரேக் வாத்தியார்


மார்ச் 24

ஐயா,

தெரியாது. உங்க கடிதம் பார்த்துத்தான் தெரிஞ்சுகிட்டேன். அந்தப் பெட்டி வாங்கின ஒருத்தரைப் பிடிச்சு, திறந்து காட்டச் சொன்னேன். எல்லாம் என்னோடது. நான் எனக்கே எழுதி வெச்சிருந்த குறிப்பெல்லாம் கூட உள்ள அப்படியே கிடக்கு.

எடுத்துக்க அனுமதி உண்டு. விற்கக் கூட அனுமதி உண்டு. நானே எழுதிக் கொடுத்ததுதான். கேட்டது ரெண்டே ரெண்டு. யார் செஞ்சதுன்னு சொல்லணும், மாத்தினதைத் திருப்பித் தரணும். பேரைச் சுரண்டி எடுத்துட்டாங்க. திருப்பித் தர்றதுக்கு அவங்க எதையும் மாத்தல, வண்ணத்தைத் தவிர. எழுதிக் கேட்டேன். ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ன்னு ஒரு மெஷின் பதில் போட்டுது.

இதை விட அசிங்கம் ஒண்ணு இருக்கு. கொஞ்ச நாளா சில பேர் எனக்கு ‘காசு வாங்கத் தெரியுதுல்ல, சரி பண்ணு’ன்னு எழுதிக்கிட்டிருந்தாங்க. யார்கிட்ட காசு வாங்கினேன்னு புரியாம மண்டையை உடைச்சுக்கிட்டு, சரி, ஏதோ கஷ்டத்துல இருக்காங்கன்னு லீவு போட்டுச் சரி பண்ணிக் கொடுத்தேன். இப்பப் புரியுது. அவங்கல்லாம் அந்தக் கம்பெனியோட வாடிக்கையாளர்கள்; பேரைச் சுரண்டினவங்க உள்ள கிடந்த என் முகவரியை மட்டும் விட்டுட்டாங்க. அவன் சந்தா வாங்கறான், நான் துடைச்சுக் கொடுக்கறேன். அடுத்தவன் கல்யாண மண்டபத்துல எச்சில் இலை எடுக்கிறவளுக்குக் கூட கூலி உண்டு.

போதும் ஐயா. நான் கடையைச் சாத்தறேன். இன்னைக்கு மன்றத்துல அறிவிப்பு போட்டுட்டேன். இருக்கிறது இருக்கும், இனிமே புதுசா எதுவும் வராது. யார் திட்டினாலும் படிக்க நான் இல்ல.

உங்க வாக்கியங்கள் அழியல. அவசரத்துல நான் பேரை மாத்தி வெச்சுட்டேன், அதான் கண்ணுல படல. அமைப்புகள்ல கடைசியா ‘பழைய தொகுப்பைத் திற’ன்னு இருக்கும். தொட்டா சிங்கம் உட்பட எல்லாம் வரும்.

வண்டியில ஏறினா ஜாக்கிரதையா இருங்க.

முன்னாள் பராமரிக்கிறவள்


ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

இனிமே இப்படித்தான் எழுதுவேன். பிடிக்கலைன்னா சொல்லுங்க, அப்பவும் இப்படித்தான் எழுதுவேன்.

உங்களைத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சறதுக்காக இதை எழுதல. அந்த வேலையை மன்றத்துல நிறையப் பேர் பண்றாங்க. அறிவிப்புக்குக் கீழ அழுகை பாதி, வசவு பாதி. ‘எங்களை நடுத்தெருவுல விட்டுட்டுப் போறது துரோகம்’னு ஒருத்தர். இத்தனை வருஷத்துல அவர் ஒரு நன்றி கூட எழுதினதில்ல, தேடிப் பார்த்தேன். இன்னொருத்தர் உங்களை மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்றார். மார்ச் மாசம் நான் எழுதினதையும் எடுத்துப் பார்த்தேன். அவங்களை விட நல்லாவே திட்டியிருக்கேன்.

இங்க நடந்ததைச் சொல்றேன். மச்சான் அந்தத் தங்கப் பெட்டியை வாங்கிட்டான். என்னை மறுபடி வண்டியில ஏத்தினான், அதுக்கு மட்டும் அவனுக்கு ஒரு கும்பிடு. புதுசாச் சேர்ந்த கணக்காளர் ஒருத்தர் ஓட்டினார். நல்ல மனுஷன், ஆனா சொன்னா மட்டும்தான் செய்வார், தானா மூச்சுக் கூட விட மாட்டார். ரயில் பாதைக்குக் கீழ போற சுரங்கப் பாதைக்குள்ள நுழைஞ்சோம். அந்தப் பெட்டி நான் தொடறதையெல்லாம் எங்கேயோ இருக்கிற கம்பெனிக்கு அனுப்பி, அங்கே இருந்துதான் குரல் வாங்கிட்டு வருமாம்; வண்ணத்தோட இதையும் மாத்தியிருக்காங்க, நீங்க கவனிக்கல. உள்ள நெட்வொர்க் இல்ல. ‘மூணாவது கியர்’ தொட்டேன். சத்தமே இல்ல. மறுபடி தொட்டேன். அப்ப அது தெளிவா, மரியாதையா, சொல்லிச்சு: ‘இணைப்பு இல்லை. நிறுத்திவிட்டு மீண்டும் முயற்சிக்கவும்.’ கணக்காளர் நிறுத்திட்டார். நடுச் சுரங்கத்துல, இன்ஜினை அணைச்சு, என்னைத் திரும்பிப் பார்த்து, “முதல்ல இருந்தா சார்?”ங்கறார். பின்னாடி ஹாரன் சத்தத்துல சுரங்கமே அதிருது. நான் கையாலயே காட்டி, வேர்த்து விறுவிறுத்து வெளியே கொண்டு வந்தேன்.

அதைக் கழட்டி மச்சான் மேஜையில வெச்சேன். மறுகுரலை மாட்டினேன், உங்க சோதனைப் பதிப்புதான். அதே கணக்காளர், அதே சுரங்கம். தொட்ட நொடி பேசிச்சு. பாதியில நிறுத்திச்சு. யாரையும் எதையும் கேக்கல. அது என் டேப்புக்குள்ளேயே இருக்கு, என் வாய் என்கிட்டேயே இருக்கிற மாதிரி. வெளிச்சத்துக்கு வந்ததும் கணக்காளர், “இந்தக் குரல்தான் சார் தைரியமா இருக்கு”ன்னார். மச்சான் இப்பவும் ஓசி நாக்குன்னுதான் சொல்றான். ஆனா சந்தாவை நிறுத்திட்டான்.

இப்ப நான் செஞ்ச ஒரு காரியம். என் பொண்டாட்டி பள்ளிக்கூடத்துல தமிழ் எடுத்தவ. அவளை உட்கார வெச்சு மறுகுரல்ல இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் படிக்க வெச்சேன். அவ பிழை சொல்லச் சொல்ல நான் குறிச்சேன். கையேட்டையும் புதுசா எழுதினோம். சண்டை போட்டுக்கிட்டேதான் எழுதினோம். எல்லாம் இதோட இருக்கு. நீங்க வெச்சுக்குங்க, குப்பையில போடுங்க, உங்க இஷ்டம்.

தவளைக்கும் எழுதினேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, ஆனா ஒண்ணும் தெரியாம வர்றவங்களுக்குப் பொறுமையாச் சொல்லத் தெரியும், அதான் என் தொழில், புகாருக்கு நான் பதில் எழுதட்டுமான்னு கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. பட்டன் இல்ல, அவரே எழுதினது. ‘வாங்க.’

எழுத ஆரம்பிச்சுட்டேன். சகிக்கல தங்கச்சி. எப்படித்தான் இத்தனை வருஷம் படிச்சீங்க?

அண்ணன்


மே 3

அண்ணனுக்கு,

வேற வழியில்லாமத்தான் இப்படி எழுதறேன். நீங்க ஆரம்பிச்சு வெச்சது.

கடையைச் சாத்தின முதல் வாரம் சுகமா இருந்தது. சாயங்காலம்னு ஒண்ணு இருக்கிறதே அப்பத்தான் தெரிஞ்சுது. வீட்டுக்காரரோட உட்கார்ந்து டிவி பார்த்தேன். ரெண்டாவது வாரம் அவர் மூஞ்சியும் டிவி மூஞ்சியும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. மூணாவது வாரம், சும்மா பார்க்கத்தானேன்னு உங்க திருத்தத்தைத் திறந்தேன்.

அண்ணிகிட்ட சொல்லுங்க, ரெண்டு இடத்துல அவங்க தப்பு. மத்ததுல எல்லாம் நான்தான் தப்பு.

அந்த ‘வெளியேரவும்’. அது முதல் நாள் நான் தட்டினது. மாமனார் பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டார். தினமும் அந்தப் பட்டனைக் காட்டி, ‘தமிழ் தெரியாத மருமகள்’னு பேச வெச்சுக் கேப்பார். நான் வீம்புக்குன்னே திருத்தாம விட்டேன். ஒரு நிமிஷ வேலை. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ ஆச்சு. வீம்பு மட்டும் அங்கேயே உட்கார்ந்துக்கிட்டு, எத்தனையோ பேர் டேப்ல ஏறி, கம்பெனிக்காரன் தங்க முலாமும் பூசி வித்துட்டான். நேத்து அதைத் திருத்தினேன்.

கம்பெனி இன்னும் பதில் போடல. பாருங்க, இந்தத் திருத்தத்தையும் அடுத்த வாரம் அள்ளிக்கிட்டுப் போவாங்க. அவங்க பட்டன்லயும் எழுத்து சரியாயிடும். அண்ணிக்குச் சம்பளம் கிடையாது, எனக்கும் கிடையாது. நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. எரிஞ்சுக்கிட்டேதான் இதைப் பண்றேன். வக்கீல் ஒருத்தர், அவர் மனைவி மறுகுரல்ல பேசறவங்களாம், நோட்டீஸ் அனுப்பித் தரேன்னு சொல்லியிருக்கார். பார்ப்போம். நம்பிக்கை இல்ல.

நான் முழுசாத் திரும்பி வரல. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். வாரத்துல ரெண்டு சாயங்காலம், அவ்வளவுதான். வெளியிடற உரிமையை மூணு பேருக்கும் கொடுத்துட்டேன்: தவளை, நீங்க, நான். ஒருத்தருக்கு வெறுத்துப் போனா மத்த ரெண்டு பேர் இருக்கணும். எனக்கு வெறுத்தப்ப யாரும் இல்லாமப் போனதுதான் பெரிய தப்பு.

புதுப் பதிப்பு தயார். பாதியில நிறுத்தறதும் இருக்கு, வரிசையாப் பேசறதும் இருக்கு. தவளை அஞ்சு நாளா முட்டி முட்டிப் பார்த்துச் சரின்னுட்டார். இந்தத் தடவை வெளியிடற பட்டனை நீங்க அழுத்துங்க. திட்டு வந்தா முதல்ல உங்களுக்கு வரட்டும்.

தங்கச்சி


மே 19

தங்கச்சிக்கு,

நேத்துக் காலையில அழுத்தினேன். பொண்டாட்டி பக்கத்துலயே நின்னா. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரமா விரலை வெக்கறதும் எடுக்கறதுமா இருந்தேன், முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவன் மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முதல் புகார் வந்துடுச்சு.

ஒரு அம்மா. மகன் வெல்டிங் பட்டறையில வேலை பார்க்கிறவன், விபத்துல தொண்டை போச்சாம். புதுப் பதிப்பு வந்ததும் அவன் குரல் பொம்பளைக் குரலா மாறிடுச்சாம். ‘வளர்ந்த ஆம்பளைப் பிள்ளை பட்டறையில போய் இப்படிப் பேசினா என்ன ஆகும்? இதைக் கூடப் பார்க்காம வெளியிடற உங்களுக்கு வெட்கமே இல்லையா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?’ன்னு எழுதியிருக்காங்க. கூடவே ஃபோன் நம்பர், தைரியம் இருந்தாப் பேசச் சொல்லி.

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்தது. நாலு வரி எழுதினேன், நல்ல வரி, உங்களுக்குப் பிடிச்சிருக்கும். அனுப்பல. என்ன தோணிச்சோ, பொண்டாட்டியோட ஃபோனை எடுத்து, அந்த நம்பரைப் போட்டு, டேபைப் பக்கத்துல வெச்சுக்கிட்டேன்.

“வணக்கம், மறுகுரல் பற்றிப் பேசுகிறேன்”னு டேப் சொல்லிச்சு. அந்த அம்மா, “லோனும் வேணாம், ஒண்ணும் வேணாம், வெச்சுத் தொலைங்கடா”ன்னு கட் பண்ணிட்டாங்க. மறுபடி போட்டேன். இந்தத் தடவை மெஷினுக்கு விழுந்த திட்டு, நான் மார்ச்ல எழுதினதெல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்காது. கட். பொண்டாட்டி, “விடுங்க, அவமானமா இருக்கு”ன்னா. நான் உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாம, புதுசா ஒரு வாக்கியம் எழுதி வெச்சுக்கிட்டு மூணாவது தடவை போட்டேன். அவங்க எடுத்து வாயைத் திறக்கறதுக்குள்ள தொட்டேன்.

“அம்மா, வெச்சுடாதீங்க. நான் மெஷின் இல்ல. எனக்கும் தொண்டை இல்ல. இது வழியாத்தான் நான் பேசறேன்.”

இந்தத் தடவை அவங்க வெக்கல. அப்புறம் ஃபோனைக் கையில பிடிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள பார்த்துக் கத்தறாங்க: “டேய், இங்க வாடா! சீக்கிரம் வா! உன்னை மாதிரியே ஒருத்தர் பேசறார்டா!”

நாற்காலி இழுபடற சத்தம். யாரோ ஓடி வர்ற சத்தம். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், நம்ம மறுகுரலோட குரல், நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்தி நிறுத்தி, “சார் ரொம்ப. அசிங்கமா. இருக்கு சார்”னுது. நான் சிரிச்சேன். எனக்குச் சிரிப்புன்னா இப்ப கழுத்து ஓட்டையில காத்து வர்ற சத்தம்தான். அது அவனுக்குக் கேட்டிருக்கணும். அந்தப் பக்கமும் அதே சத்தம் வந்தது.

எழுத்து எழுத்தாத் தொட்டு ரொம்ப நேரம் பேசினோம். குரல் போனதுல இருந்து பட்டறையில எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிடறாங்கன்னு சொன்னான், அதை உங்களுக்கு எழுத முடியாது. அவனுக்கு எந்தப் பட்டனெல்லாம் வேணும்னு கேட்டேன். நெருப்பு, தள்ளிப் போ, கரண்டை அணைன்னு மூணு சொன்னான், மூணும் கத்தற மாதிரி வேணுமாம். நம்மகிட்ட கத்தற குரலே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அதையும் உங்க வேலையில சேர்த்துக்குங்க.

குரல் மாறினது எதனாலன்னு தவளை கண்டுபிடிச்சுட்டார். புதுசாப் போட்டதும் பட்டியல்ல முதல்ல இருக்கிற குரலையே எல்லாருக்கும் எடுத்துக்குதாம். நீங்கதான் விட்டிருக்கீங்க. இன்னும் ஆறு பேர் இதையே திட்டி எழுதியிருக்காங்க, ஒருத்தன் தவளையைத் தமிழே தெரியாதவன்னு எழுதியிருக்கான், அவனுக்கு நான் தனியா எழுதிக்கறேன்.

இன்னைக்கு உங்க சாயங்காலம் இல்லைன்னு தெரியும். ஆனா அந்தப் பையன் திங்கக்கிழமை பட்டறைக்குப் போகணும்மா, அதுக்குள்ள அவனுக்கு ஆம்பளைக் குரல் வந்தாகணும்.

அண்ணன்